பன்றிப் பல் என்று எழுதியவள்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
22.01.2024

அன்புள்ள யதுஷா,

என்னை ஞாபகம் இருக்கோ தெரியல. ஏ.எல். பயோ கிளாஸ்ல உன் பக்கத்துல உக்காந்த சுதர்சினி. ரிசல்ட் வந்த கிழமை வெள்ளவத்தை ஸ்டேஷன்ல வச்சுக் கதைச்சோம். அதுக்கப்புறம் சந்திக்கல. பதினோரு வருஷம் ஆச்சு. உன் நம்பர் என்கிட்ட இல்ல. இன்டர்நெட்ல தேடினப்போ நீ படிப்பிக்கிற கம்பஸோட அட்ரஸ் மட்டும்தான் கிடைச்சிச்சு. நீ நீர்யானைத் தாடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோவும் பாத்தேன். மெலிஞ்சிருக்க.

நான் இங்க கொட்டாஞ்சேனையில கிளெமென்ற் சேரோட டென்டல் லாப்ல வேலை செய்றேன். கெப், பல்லு செட் எல்லாம் என் கையாலதான் போகுது. வருஷம் பத்தாகுது. இதை ஏன் சொல்றேன்னா, பார்சல்ல இருக்கிற வெள்ளை அச்சு ஒரு பல்லோட அச்சு. நான்தான் எடுத்தேன்.

எங்க அண்ணன் ஜீவராஜ் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில வேலை செய்றாரு. டிசம்பர்ல சரளை மண்ணைக் கழுவுறப்போ கூடையில இது தங்கிருக்கு. கல்லு இல்லைன்னதும் மொதலாளியோட ஆள் வீசச் சொல்லிட்டானாம். தங்கச்சிதான் பல்லு வேலை செய்றாளேன்னு அண்ணன் எடுத்து வச்சு, கொழும்புக்கு வர்ற லொறிக்காரர்கிட்டக் குடுத்துவிட்டாரு. ஒருகொடவத்தையில கொன்டேனர் யார்டுக்குப் பக்கத்துல போய் வாங்கினேன். ரெண்டு லொறிக்கு நடுவுல நின்னுதான் பேப்பரைப் பிரிச்சேன். கறுத்து, கல்லாப் போயிருந்திச்சு. என் பெருவிரல் மேல் கணு அளவு. அண்டைக்கு லாப்புக்கு லேட்டாப் போனேன்.

இது குட்டியோட பால் பல்லுன்னு நினைக்கிறேன். எந்த மிருகத்தோட குட்டின்னு எனக்கு ஒரு நெனப்பு இருக்கு. ஆனா சொல்லல. நீ படிச்சவ, முதல்ல நீ சொல்லு. என் நம்பர் கீழ எழுதியிருக்கேன். ஒரு கோல் எடுத்தாப் போதும்.

இப்படிக்கு,
சுதர்சினி


வெள்ளவத்தை,
கொழும்பு 06.
05.02.2024

அன்பின் சுதர்சினி,

உன்னை மறப்பேனா? கடிதம் கண்டு மகிழ்ச்சி. அச்சு உடையாமல் வந்து சேர்ந்தது. மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறாய்.

ஏமாற்றம் தருவதற்கு மன்னித்துக்கொள். இது காட்டுப்பன்றியின் கடைவாய்ப்பல். மாணிக்கக் குழிகளில் இவை நிறையவே வரும். யானை, சிங்கம், சில வேளை மனிதப் பல் என்று சொல்லி மாதத்துக்கு இரண்டு பேராவது எங்களிடம் கொண்டுவருவார்கள். முக்கால்வாசி பன்றியும் மாடும்தான். பழக்கமில்லாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அசலை நீ பத்திரப்படுத்த வேண்டிய தேவையும் இல்லை. விரும்பினால் எனக்கு அனுப்பிவிடு. முதலாம் வருட மாணவர்களுக்குக் காட்ட உதவும். அனுப்பும்போது எந்தக் குழி, எத்தனை அடி ஆழத்தில் வந்தது, அதே கூடையில் வேறு எலும்பு ஏதும் வந்ததா என்பதையும் உன் அண்ணாவிடம் கேட்டு எழுது. கோல் எடுக்க நினைத்தேன். பரீட்சைத் தாள் திருத்தும் காலம், நேரம் கிடைப்பதில்லை.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

அன்புடன்,
யதுஷா


கொட்டாஞ்சேனை
11.02.2024

யதுஷா,

உன் கடிதத்தை ரெண்டு தடவை வாசிச்சேன். பன்றிப் பல்லுக்கு எதுக்குக் குழியோட ஆழம்? கூட வந்த எலும்பு எதுக்கு?

நீ சொன்னதுக்காக ஒரு வேலை பண்ணினேன். சந்தையில பன்றித் தலை ஒண்ணு வாங்கி வந்து அவிச்சேன். பெரிய பானை இல்ல, பல்லு செட் அவிக்கிற பழைய சட்டியிலதான். மேல் வீட்டு மயிலம்மா அக்கா மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கி வந்து, என்னடி வெள்ளிக்கிழமையும் அதுவுமா இந்த நாத்தம்னு கேட்டாங்க. நான் தாடையைத் தூக்கிக் காட்டவும் மேல ஓடிட்டாங்க. இப்ப என்னோட கதைக்கிறதில்ல.

தாடையையும் அண்ணன் அனுப்பின பல்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். பன்றிப் பல்லுல குமிழ் குமிழா அங்கயும் இங்கயுமா நிக்குது. தேயத் தேயப் பூ மாதிரி ஆகுது. இதுல குமிழெல்லாம் ஒரே வரிசையா குறுக்க நின்னு ஒரு மேடு கட்டுது. அப்புறம் ஒரு பள்ளம். அப்புறம் இன்னொரு மேடு. வீட்டுக் கூரையைப் பக்கத்துல பக்கத்துல வச்ச மாதிரி. எனாமலும் நல்ல தடிப்பு.

வேர் இன்னொரு விஷயம். நீ கடைவாய்ப்பல்னு எழுதியிருக்க. இந்த வேர் கீழ இருந்து அரிச்சுத் தேஞ்சு போயிருக்கு. ஏழு வயசுப் பிள்ளைங்க பல்லு விழுறப்போ வேர் எப்படி இருக்குமோ அப்படி. எங்க லாப்புக்கு வர்ற டொக்டர்மார் போத்தல்ல போட்டு வச்சிருக்கிறதை நான் எத்தனை பாத்திருக்கேன். இது தானா ஆடி விழுந்த பல்லு.

யானைக் குட்டின்னா தட்டுத் தட்டா நெருக்கமா இருக்கணும். இது அப்படியும் இல்ல. யானைக்குத் தூரத்துச் சொந்தமா ஸ்டெகொடன்னு ஒண்ணு இருந்திச்சாம். இப்ப உலகத்துல எங்கயும் இல்லையாம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போன்ல வாசிச்சேன். பேர் வைக்க எனக்குத் தகுதி இல்ல. ஆனா பழக்கமில்லாத கண்ணுன்னு மட்டும் எழுதாத.

சுதர்சினி


வெள்ளவத்தை
27.02.2024

அன்பின் சுதர்சினி,

இன்டர்நெட்டில் படம் பார்த்து இனம் சொல்வது ஆபத்தான வேலை. எங்கள் மாணவர்களுக்கே முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம்.

இருந்தாலும் நீ சந்தேகப்படுவதால் அசலை ஒருமுறை பார்க்கிறேன். ஒரு நாள் கம்பஸுக்குக் கொண்டு வா. முடியாவிட்டால் எங்கள் ஆய்வுகூட உதவியாளர் ஒருவரை அனுப்பி எடுப்பிக்கலாம். இப்படியான பொருள் ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதுதான் முறை. வீட்டு அலுமாரியில் இருந்தால் பழுதாகிவிடும்.

யதுஷா


கொட்டாஞ்சேனை
10.03.2024

யதுஷா,

பன்றிப் பல்லை எடுத்துப் போக யாராவது ஆள் அனுப்புவாங்களா?

நான் வந்தேன். போன வியாழக்கிழமை. லாப்ல அரை நாள் லீவு சொல்லிட்டு, பல்லைப் பஞ்சுல சுத்தி ஹேண்ட்பேக்குல வச்சுக்கிட்டு வந்தேன். உன் அறைக்கு முன்னால வரைக்கும் வந்துட்டேன். கதவுல பித்தளைத் தகட்டுல உன் பேரு. மூணு மொழியில. உள்ளார நீ யாரோடயோ இங்கிலீசுல கதைச்சுச் சிரிச்சுக்கிட்டு இருந்த. நான் அந்தத் தகட்டைப் பாத்துக்கிட்டே நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல. யாரோ ஒரு பிள்ளை வந்து, "மிஸ்ஸைப் பாக்கணுமா?"ன்னு கேட்டிச்சு. இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல இருந்து ஒரே நோட்ஸைத்தான் படிச்சோம். எனக்குக் கம்பஸ் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழ வந்திச்சு. இன்னொரு தடவை எழுத வீட்டுல வழி இருக்கல. அவ்வளவுதான் வித்தியாசம். அதுக்கு உன்மேல கோபப்பட்டா அது நியாயமில்லைன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சுதான் இருக்கு.

பல்லு என்கிட்டயே இருக்கட்டும்.

சுதர்சினி


கொட்டாஞ்சேனை
09.07.2024

மிஸ் யதுஷாவுக்கு,

இன்னைக்குக் காலையில கிளெமென்ற் சேர் பேப்பரை விரிச்சு என் மேசையில வச்சாரு. "சுதா, இது உங்கட பல்லுப் போல இருக்கே"ன்னாரு.

நான் ஊத்தின அச்சுதான். போட்டோவுல உன் உள்ளங்கையில இருக்கு. "வெள்ளவத்தை விரிவுரையாளரின் அரிய கண்டுபிடிப்பு." யானையின் அழிந்துபோன உறவினமான ஸ்டெகொடனின் குட்டிப் பல். கம்பஸ் ஆய்வரங்கில நீ போஸ்டர் வச்சியாம். சிறந்த போஸ்டர்னு சொன்னாங்களாம். "சுரங்கத் தொழிலாளர் ஒருவரிடமிருந்து பெறப்பட்டது"ன்னு கடைசி வரியில ஒரு வரி.

அந்தத் தொழிலாளருக்கு ஜீவராஜ்னு பேரு. அவரு உனக்கு எதுவும் குடுக்கல. அந்த அச்சை ஊத்தினவளுக்குச் சுதர்சினின்னு பேரு. ஸ்டெகொடன்னு உனக்கு எழுதினவளும் அவதான். உன் கடிதம் என்கிட்ட இருக்கு. பன்றின்னு உன் கையெழுத்துல இருக்கு.

பயோ ரெக்கோட் புத்தகத்துல உனக்குப் படம் வரைஞ்சு குடுத்தப்போ நீ மாக்ஸ் எடுத்த. அப்ப எனக்கு அது பெருமையா இருந்திச்சு. இப்ப அந்த வயசு இல்ல.

நீ மத்தியானத்துல இருந்து நாலு தடவை கோல் எடுத்திருக்க. உன் நம்பரை புளொக் பண்ணிட்டேன்.

சுதர்சினி


வெள்ளவத்தை
14.07.2024

சுதா,

போனை எடுக்கமாட்டாய் எண்டு தெரிஞ்சுதான் எழுதுறன். இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழிச்சுப்போட்டன். நல்ல தமிழில எழுத வெளிக்கிட்டால் பொய் வருது. அதால கதைக்கிற மாதிரியே எழுதுறன்.

முதல் நாளே எனக்குத் தெரியும்.

ஜனவரியில உன்ர பார்சல் வந்த நாள், தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு பிரிச்சனான். அச்சைக் கையில எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில திருப்பினன். அஞ்சு நிமிஷம்கூட இல்லை. பின்பக்கம் உடைஞ்சு மழமழப்பாய் இருந்தது. ஆனால் முன்னால அந்தக் குமிழ் வரிசையும் பள்ளத்தின்ர சாய்வுமே எனக்குப் போதும். ஸ்டெகொடன். அதுவும் குட்டியின்ர பால் பல். தேத்தண்ணி ஆறிப்போச்சு.

ஏழு வருஷமாய் நான் இதைத்தான் தேடித் திரிஞ்சனான், சுதா. வாரக் கடைசியில பஸ் ஏறி இரத்தினபுரிக்குப் போய், குழிக்காரர் கொட்டின மண்குவியலுக்குள்ள மழையிலயும் இருந்து கிளறினனான். அட்டை கடிச்ச தழும்பு இப்பவும் காலில இருக்கு. கிடைச்சதெல்லாம் உடைஞ்ச யானைப் பல்லுத் தட்டும் நீர்யானைத் துண்டும்தான். ஒவ்வொரு வருஷமும் மீற்றிங்கில, புதுசா ஒண்டும் இல்லையா எண்டு கேப்பினம். நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டு இருப்பன். எனக்குத் தெரிஞ்சு இந்தக் குட்டிப் பல் இங்க ஒருத்தருக்கும் கிடைக்கேல்லை. அது உனக்கு ஒரு லொறிக்காரன்ர கையில வந்து சேருது. நீ ஒரு நாள்கூடக் குழிக்குப் போகேல்லை.

அதுகூடப் பரவாயில்லை. நீ "எனக்கு ஒரு நெனப்பு இருக்கு" எண்டு எழுதியிருந்தாய். உனக்குச் சரியாத் தெரிஞ்சிருக்கும் எண்டு அந்த வரியை வாசிக்கேக்கையே எனக்கு விளங்கிச்சு. அதுதான் என்னை எரிச்சது. பயோ கிளாஸிலயும் அப்பிடித்தானே. நான் பாடமாக்குவன். நீ பாப்பாய். சேர் உன்ர படத்தைத்தான் பலகையில ஒட்டினவர். கெட்டிக்காரி எண்ட பேர் எனக்கு, கண் உனக்கு. அந்தக் கண்ணோட நீ கொட்டாஞ்சேனையில பல்லு செட் செய்துகொண்டிருக்கிறாய் எண்டு கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி இருந்தது. இதை எழுத வெக்கமாய் இருக்கு.

பன்றி எண்டு எழுதினன். போனில கதைச்சால் என்ர குரல் காட்டிக்குடுத்துப்போடும் எண்டு பயந்துதான் கடிதம் எழுதினனான். பரீட்சைத் தாள் ஒண்டும் அப்ப இருக்கேல்லை. அம்மா உன்னைக் கேக்கவும் இல்லை.

ஏப்ரலில எங்கட டிப்பார்ட்மென்டின்ர றொஹான் சேர் ஒரு கோப்பு எடுக்க என்ர அறைக்கு வந்தவர். மேசை லாச்சி திறந்து கிடந்தது. அச்சைக் கண்டதும் குனிஞ்சு எடுத்தார். அவர் இருபது வருஷமாய்ப் பல்லுப் பாக்கிறவர். ஜன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பாத்தார். "ஒயாத ஹொயாகத்தே?" எண்டு சிங்களத்தில கேட்டார். நீயா கண்டுபிடிச்சனி எண்டு.

நான் "ஒவ்" எண்டு சொன்னன். ஓம் எண்டு.

அந்த ஒரு சொல்லுத்தான். பிறகு போஸ்டர், பேப்பர் எல்லாம் தன்பாட்டில வந்தது. அசல் எங்க எண்டு கேட்டதுக்கு, குழிக்காரர் தர மறுக்கினம் எண்டு சொன்னனான். ஒவ்வொரு நாளும் உனக்கு எழுதவேணும் எண்டு நினைப்பன். அண்டைக்கே ஆரும் வந்து வாழ்த்துவினம்.

மன்னிப்புக் கேக்க எனக்கு முகம் இல்லை. நீ என்ன செய்யச் சொல்லுறியோ அதைச் செய்யிறன்.

யது


கொட்டாஞ்சேனை
29.07.2024

யது,

உன் கடிதத்தை லாப்ல வச்சு வாசிக்க முடியல. கொச்சிக்கடைப் பக்கம் நடந்து போய் கோயில் வாசல்ல உக்காந்து வாசிச்சேன். ரெண்டு கிழமையா பதில் எழுதல. உன்னைத் திட்டி எழுத எனக்கு நிறைய இருந்திச்சு. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். சொல்லாட்டி நான் திட்டுறது பொய்யாப் போயிடும்.

அந்தப் பல்லு பின்பக்கம் உடையல.

அச்சு முதல்ல நல்லாத்தான் வந்திச்சு. ரெண்டு மேடு இல்ல, மூணு. பின்னால சின்னதா இன்னொரு மேடு இருக்கு. அஞ்சு குமிழோட, அரிசி மணி மாதிரி. அதைப் பாத்துத்தான் நான் பன்றி இல்லைன்னே முடிவு பண்ணினேன். பார்சல் கட்டுறதுக்கு முன்னால உன் போட்டோவை இன்னொரு தடவை எடுத்துப் பாத்தேன். நீர்யானைத் தாடையோட சிரிச்சுக்கிட்டு நிக்கிற. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. மெழுகு சீவுற கத்தியை எடுத்து அந்தச் சின்ன மேட்டைச் சீவிட்டேன். அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். பத்து நிமிஷ வேலை. பல்லு வேலை செய்றவளுக்கு அது ஒண்ணும் கஷ்டம் இல்ல.

நீ தப்பாச் சொல்லணும்னு நினைச்சேன். தப்பாச் சொன்னதும் அசலை எடுத்துட்டு வந்து, உன் மேசையில வச்சு, நீ பாக்காம விட்டதைப் பாருன்னு காட்டணும். உன் மாணவர்களும் அங்க இருக்கணும். அதுதான் என் ஆசை. பன்றின்னு உன் கடிதம் வந்தப்போ எனக்கு வந்த சந்தோஷத்துல ஒரு கெப்பைக் கீழ போட்டு உடைச்சிட்டேன். கிளெமென்ற் சேர் ஏசினாரு. எனக்குச் சிரிப்புத்தான் வந்திச்சு.

உன் கதவு வரைக்கும் வந்துட்டு ஏன் திரும்பினேன்னா, அந்தத் தகட்டைப் பாத்ததும், இவ்வளவு பெரிய ஆளை இவ்வளவு சின்ன வேலை பண்ணியா கீழ இறக்கப் போறேன்னு என்மேலயே வெறுப்பு வந்திச்சு. ஆனா திருந்திடல. பேப்பர்ல போஸ்டர் படம் வந்திச்சே, அதுல ரெண்டு மேடுன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்த. உன்னைத் திட்டி எழுதினேனே, அதுல அது தப்புன்னு ஒரு வார்த்தை எழுதினேனா? எழுதல. என்னைக்காவது ஒரு நாள் மாட்டுவன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

இப்ப நீ முதல் நாளே தெரியும்ங்கிற. அஞ்சு நிமிஷத்துலங்கிற. முக்கியமான மேட்டை நான் சீவி எறிஞ்ச அச்சுல நீ கண்டுபிடிச்சிருக்க. நீ பொய் சொன்னதைக்கூட என்னால தாங்க முடியுது யது. இதைத் தாங்க முடியல. என்னால அது முடிஞ்சிருக்காது. கண் எனக்குன்னு எழுதியிருக்க. நான் அசலைக் கையில வச்சுக்கிட்டுத்தான் பாத்தேன்.

இதோட வேற ஒரு அச்சு அனுப்புறேன். இது முழுசு. கத்தி படல.

சுதர்சினி


வெள்ளவத்தை
25.08.2024

சுதா,

உன்ர கடிதமும் அச்சும் வந்த அதே கிழமை வெளிநாட்டில இருந்து ஒரு ஈமெயிலும் வந்தது. யானைப் பல்லுகளைப் பற்றியே எழுதிற ஒரு பெண். போஸ்டரின்ர படத்தைப் பாத்திருக்கிறா. ரெண்டு மேடு மட்டும்தான் எண்டால் பன்றிக் குட்டியின்ர பால் பல்லாயும் இருக்கலாமே, பின்பக்கம் ஏன் கத்தியால வெட்டின மாதிரி இருக்கு, அசலைப் பாத்தனீங்களா எண்டு கேட்டிருந்தா. அதை றொஹான் சேருக்கும் அனுப்பியிருந்தா.

ரெண்டு அச்சையும் மேசையில பக்கத்தில பக்கத்தில வச்சுக்கொண்டு இருந்தனான். முதலில கோபம்தான் வந்தது. நீ என்னைப் பொறியில விழுத்தினாய் எண்டு. பிறகு இன்னொண்டு தோன்றினது. புது அச்சை எடுத்துக் காட்டி, பழையது சேதப்பட்டது எண்டு ஒரு வரி எழுதினால் காரியம் முடிஞ்சுது. கண்டுபிடிப்பு சரி. பேர் எனக்கு. நீயும் உன்ர பிழையை மறைக்க வாய் திறக்கமாட்டாய். பதிலை எழுதியும் விட்டன். அனுப்புறதுக்கு முதல் தேத்தண்ணி ஊத்த எழும்பினன். திரும்பி வந்து வாசிச்சுப் பாத்தன். அந்த "ஒவ்" திரும்பவும் சொல்லுற மாதிரி இருந்தது. அழிச்சுப்போட்டன்.

றொஹான் சேரின்ர அறைக்குப் போய் நான் செய்த எல்லாத்தையும் சொன்னன். உன்ர கடிதம், என்ர கடிதம், பன்றி, எல்லாம். சிங்களத்தில சொல்லேக்கை எனக்குச் சொல்லு வரேல்லை. சொல்லி முடிய அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டு, அந்தப் பிள்ளை இப்ப எங்க வேலை செய்யிறா எண்டு மட்டும் கேட்டார்.

போஸ்டரைத் திருப்பி எடுத்தாச்சு. ஆய்வரங்குக்கு எழுத்தில மன்னிப்புக் குடுத்திட்டன். என்ர பதவி உயர்வை ஒரு வருஷம் நிப்பாட்டி வச்சிருக்கினம். சில பேர் என்னோட கதைக்கிறதில்லை. கன்டீனில நான் போய் இருந்தால் எழும்பிப் போகினம். செய்ததுக்கு இது குறைவுதான்.

நீ அச்சைச் சீவினதை நான் சொல்லேல்லை. சேதம் எப்பிடி வந்தது எண்டு பிறகொரு நாள் றொஹான் சேர் கேட்டவர். அதைச் சுதர்சினியிட்டக் கேளுங்கோ எண்டன். சொல்லுறதும் விடுறதும் உன்ர விருப்பம்.

பல்லை அவரிட்டக் கொண்டு போய்க் குடு. இனிக் கட்டுரை எழுதவேணும். அதில உன்ர பேரும் அவற்ர பேரும் போதும். என்ர பேரை எடுத்துவிடச் சொல்லிப்போட்டன்.

இதை வாசிச்சுப்போட்டு நான் நல்லவளாய் மாறிட்டன் எண்டு நினைக்காதை. உன்ர பேர் அச்சில வரப்போகுது எண்டு நினைச்சால் இப்பவும் எனக்கு வயிறு எரியுது. எரிஞ்சுகொண்டுதான் இதை எழுதுறன்.

யது


கொட்டாஞ்சேனை
28.09.2024

யது,

பல்லைக் குடுத்துட்டேன்.

அண்ணன் இரத்தினபுரியில இருந்து வந்தாரு. கல்யாணத்துக்குப் போடுற சேட்டைப் போட்டுக்கிட்டு, சப்பாத்து கடிக்குதுன்னு சொல்லிக்கிட்டே என்னோட நடந்தாரு. றொஹான் சேர் பல்லை லென்ஸுக்குக் கீழ வச்சுட்டு ரொம்ப நேரம் நிமிரல. அப்புறம் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் காட்டினாரு. பின்னால இருக்கிற சின்ன மேட்டை எண்ணி, அஞ்சு குமிழையும் அண்ணனுக்கும் காட்டினாரு. அண்ணன் பாத்துட்டு, "இதையா சேர் வீசச் சொன்னான்?"னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

அச்சைச் சீவினதை நானே சொன்னேன். என் சிங்களமும் அப்ப எங்கயோ போயிடுச்சு. ஏன் செஞ்சீங்கன்னு கேட்டாரு. பொறாமைன்னு சொன்னேன். அவர் எந்தக் கத்தின்னு கேட்டாரு. எங்க சாமானெல்லாம் பத்தி விசாரிச்சாரு. மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை வந்து அவங்க எலும்புக்கெல்லாம் அச்சு எடுத்துத் தர முடியுமான்னு கேட்டாரு. கிளெமென்ற் சேரும் போகச் சொல்லிட்டாரு. ஆனா கத்தியை வாசல்ல குடுத்துட்டுத்தான் உள்ள வரணுமாம். றொஹான் சேர் சிரிக்காமத்தான் சொன்னாரு. பகிடியா உண்மையான்னு இன்னும் எனக்குத் தெரியல.

நீ அண்டைக்கு லீவு போட்டுட்ட. உன் கதவு பூட்டியிருந்திச்சு. நான் வர்றேன்னு தெரிஞ்சுதான் போட்டன்னு எனக்குத் தெரியும். உன்னை மாதிரியேதான் நானும் செஞ்சிருப்பேன்.

கட்டுரைக்கு எழுதி வச்சிருந்த முதல் பக்கத்தை றொஹான் சேர் காட்டினாரு. முதல் பேர் சுதர்சினி அழகர். இங்கிலீசுல. அப்பா பேரும் வருது. அடுத்தது றொஹான் சேர் பேரு. கண்டெடுத்தவர் ஜீவராஜ் அழகர்னு தனியா ஒரு வரி. அண்ணன் அதைப் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டாரு. நான் அந்தப் பக்கத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். பதினோரு வருஷமா நான் ஆசைப்பட்டது இதுதான். சந்தோஷம் வரணும். வரல. என்ன குறையுதுன்னு பஸ்ல வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். கிராண்ட்பாஸ் தாண்டுறப்பத்தான் விளங்கிச்சு.

நீ இல்லாத கடதாசியில நான் முதலாவதா நின்னு எனக்கு என்ன? என் பேருக்கு மேல எப்பவும் உன் பேர்தான் இருந்திச்சு. கிளாஸ் லிஸ்ட்ல, ரிசல்ட்ல, இப்ப கதவுல. ஒரு தடவையாவது உன் பேரு என் பேருக்குக் கீழ வரணும். நீ அதைப் பாக்கணும். நீ பாக்கிறதை நான் பாக்கணும். நீ பாட்டுக்கு உன் பேரை எடுத்துட்டுப் பெரிய மனுஷியாப் போயிட்டா, நான் யாரோட போட்டி போட்டேன்?

அதோட அது உண்மையும் இல்ல. சீவின அச்சுல கண்டுபிடிச்சவ நீ. றொஹான் சேருக்கே அது எப்படின்னு விளங்கல. ரெண்டு அச்சையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, முன்பக்கத்தை வச்சு எப்படிச் சொன்னாங்கறதைக் கட்டுரையில எழுதினா நல்லாருக்கும், ஆனா அதை எழுத அவளாலதான் முடியும்னு சொன்னாரு. அதைக் கேட்டப்போ எனக்கும் வயிறு எரிஞ்சிச்சு. உனக்கு மட்டும்தான் எரியுதுன்னு நினைக்காத.

உன் பேர் ரெண்டாவதா வரணும்னு மறுநாள் கோல் எடுத்து அவர்கிட்ட சொல்லிட்டேன். அவர் ரெண்டாவது இடத்துல இருந்து மூணாவதுக்குப் போறாராம். அவருக்கு ஒண்ணும் இல்லையாம்.

வர்ற சனிக்கிழமை பத்து மணிக்கு நான் வருவேன். லீவு போடாத. கம்ப்யூட்டரைத் திறந்து வச்சிரு. என் பேருக்குக் கீழ உன் பேரை நீதான் டைப் பண்ணணும். நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன்.

சுதா